சோலாரிஸ் (1972): பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

இது எந்தப் படம்? எதற்கு இத்தனை கேள்வி பதில்?

ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கி எடுத்த சோவியத் படம். போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்வாவ் லெம் 1961இல் எழுதிய நாவலை வைத்து மாஸ்ஃபில்ம் ஸ்டூடியோ தயாரித்தது, 1972 கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு வாங்கியது. கிட்டத்தட்ட 2 மணி 45 நிமிடம் ஓடும். கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் "பாருங்கள், பாருங்கள்" என்று சொன்னது நான்தான். பார்த்துவிட்டு ஒவ்வொருவரும் வாட்ஸப்பில் ஒரே கேள்விகளைக் கேட்க, ஒரே பதிலைத் தட்டித் தட்டி விரல் வலித்ததால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். (என் கருத்து: கதை தெரிந்துவிட்டால் கெட்டுப்போகும் படம் இல்லை இது.)

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சோலாரிஸ் என்றொரு கிரகம். அதை மூடியிருக்கும் கடலே ஓர் உயிர், யோசிக்கிற உயிர் என்று விஞ்ஞானிகள் நினைக்கிறார்கள். மேலே மிதக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் 3 பேர்தான் மிச்சம், அவர்களிடமிருந்து வரும் தகவல்கள் குழப்பமாக இருக்கின்றன. நிலையத்தை இழுத்து மூடலாமா என்று பார்த்துவர உளவியலாளர் கிரிஸ் கெல்வினை அனுப்புகிறார்கள். போய்ச் சேர்ந்தால் நண்பர் கிபாரியன் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார், மற்ற இருவரும், ஸ்னாவுத்தும் சார்டோரியஸும், பேயறைந்த மாதிரி நடமாடுகிறார்கள். கெல்வின் தூங்கி எழுந்தால் அறையில் அவர் மனைவி ஹாரி உட்கார்ந்திருக்கிறாள். 10 வருடத்துக்கு முன்னால் இறந்துபோனவள். நிலையத்தில் இருப்பவர்கள் தூங்கும்போது அவர்கள் மனதில் கிடப்பதை எடுத்து, கடல் ஆளாகச் செய்து அனுப்புகிறது.

அவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான்.

பாதியில் தூங்கிவிட்டேன். என்னிடம் ஏதாவது கோளாறா?

இல்லை. நான் முதல் தடவை தூங்கினேன், இரண்டாவது தடவையும் ஒரு பத்து நிமிடம் கண் செருகியது. கெல்வின் விண்வெளி நிலையத்துக்குப் போய்ச் சேரவே முக்கால் மணி நேரம் ஆகிறது, அதுவரை குளம், நீருக்கடியில் அசையும் பாசி, குதிரை, மழை, அப்பாவோடு பேச முடியாத ஒரு பேச்சு, இவைதான். ராக்கெட் கிளம்புவதைக்கூட ஒழுங்காகக் காட்டுவதில்லை, கெல்வினின் முகத்தைக் காட்டுகிறார், முடிந்தது. அந்த முக்கால் மணி நேரத்தை மட்டும் ஓட்டிவிட்டுப் பார்க்காதீர்கள். அங்கே விதைத்ததைத்தான் கடைசி 5 நிமிடத்தில் அறுக்கிறார். வீடு, குளம், அப்பா நிற்கும் இடம், தேநீர்க் கோப்பைக்குள் விழும் மழை எல்லாம் உங்கள் நினைவில் ஏறியிருக்க வேண்டும். ஏறியிருந்தால்தான் முடிவில் வீட்டைத் திரும்பப் பார்க்கும்போது "ஐயோ, என்னவோ தப்பாக இருக்கிறதே" என்று தோன்றும்.

அந்தக் கார் காட்சி? ஐந்து நிமிடம் வெறும் ரோடு!

எல்லோரும் கேட்கும் கேள்வி. அது டோக்கியோ, 1971இல் எடுத்தது. அந்தக் காலத்து சோவியத் ரசிகருக்கு அடுக்கடுக்கான மேம்பாலமும் சுரங்கப்பாதையும் எதிர்கால நகரமாகவே தெரிந்திருக்கும். நமக்கு அது வெறும் டிராஃபிக்.

ஆனால் அந்தக் காட்சிக்கு முன்னால் ஒரு ஃபோன் வருகிறதே, கவனித்தீர்களா? காரில் போவது பெர்டன் என்ற பழைய விமானி. வருடங்களுக்கு முன்னால் சோலாரிஸ் கடலின்மேல் 4 மீட்டர் உயரக் குழந்தை ஒன்றைப் பார்த்ததாக விசாரணைக் குழுவிடம் சொன்னவர், "உங்களுக்கு மனப்பிரமை" என்று அவர்கள் அவமானப்படுத்தி அனுப்பிவிட்டார்கள். காரிலிருந்து அழைத்து ஒரே ஒரு விஷயம் சொல்கிறார்: கடலில் காணாமல்போன சக விஞ்ஞானி ஃபெக்னரின் மகனைப் பின்னாளில் நேரில் பார்த்தேன், அதே முகம். அதாவது செத்துக்கொண்டிருந்த ஒருவனின் மனதிலிருந்து அவன் பிள்ளையைக் கடல் எடுத்திருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு அவர் பேசுவதே இல்லை. கார் ஓடுகிறது, ஓடுகிறது, இருட்டுகிறது. சொன்னதை ஜீரணிக்க நமக்குக் கொடுத்த நேரம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இருந்தாலும் மூன்று நிமிடம் போதும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வந்த ஹாரி யார்? பேயா, குளோனா, ரோபோவா?

மூன்றும் இல்லை. தொட்டால் சதை, கீறினால் ரத்தம், ஆனால் காயம் கண்முன்னே ஆறிவிடுகிறது. கெல்வின் பயந்துபோய் முதலில் வந்தவளை ஒரு ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறார். அடுத்த தடவை தூங்கி எழுந்தால் மறுபடியும் அதே ஆள், முந்தையது எதுவும் தெரியாமல். நாற்காலியைப் பாருங்கள், ஒரே மாதிரி இரண்டு சால்வை கிடக்கும். ஒரு வசனம்கூட இல்லாமல் வயிற்றைப் பிசைய வைக்கிற இடம் அது.

இன்னொன்று, அவள் உடை. பின்னால் கயிறு கோத்திருக்கும், ஆனால் அவிழ்க்க வழியே இருக்காது, கெல்வின் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியிருக்கும். ஏன் தெரியுமா? அவர் அந்த உடையைப் பார்த்திருக்கிறார், அது எப்படித் திறக்கும் என்று யோசித்ததில்லை. அவருக்குத் தெரியாதது கடலுக்கும் தெரியாது.

அப்படியானால் செத்த மனைவிதானே திரும்பி வந்திருக்கிறாள்?

இல்லவே இல்லை, படத்தின் மையம் இங்கேதான். வந்திருப்பவள் கெல்வினுக்கு ஞாபகம் இருக்கிற ஹாரி. அவர் பார்க்காத ஹாரி, தோழியிடம் சிரித்த ஹாரி, தனியாக இருந்தபோது என்ன நினைத்தாளோ அந்த ஹாரி, யாருமே இதில் இல்லை. கையில் ஊசிக் குத்திய தழும்பு மட்டும் இருக்கிறது, ஏனென்றால் அவள் விஷ ஊசி போட்டுக்கொண்டு செத்தாள், கெல்வின் மறக்க முடியாமல் வைத்திருப்பது அதைத்தான். சண்டை போட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போன மனிதர் அவர். அந்தக் குற்றவுணர்ச்சிக்குக் கை கால் முளைத்து எதிரே வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

எங்கள் வீட்டிலிருந்தே ஓர் உதாரணம். கூடத்தில் மாலை போட்ட பாட்டி படம் ஒன்று உண்டு. அம்மாவைக் கேட்டால் பாட்டி சிடுசிடுவென்று இருப்பாள், ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. மாமாவைக் கேட்டால் பாட்டி மடியில் வைத்துச் சோறு ஊட்டியவள், அதிர்ந்து பேசமாட்டாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சோலாரிஸ் கடல் அம்மா தூக்கத்திலிருந்து பாட்டியை எடுத்தால் ஒருத்தி வருவாள், மாமா தூக்கத்திலிருந்து எடுத்தால் வேறொருத்தி. எந்தப் பாட்டி பாட்டி?

சரி, அவள் மனுஷியா இல்லையா?

வரும்போது இல்லை, போகும்போது ஆம். இது என் பதில், படம் இப்படி வாயைத் திறந்து சொல்லாது.

வந்த புதிதில் அவளால் கெல்வினைப் பிரிந்து ஒரு நிமிடம் இருக்க முடியாது, அவர் கதவைச் சாத்தியதும் இரும்புக் கதவையே கிழித்துக்கொண்டு ரத்தம் சொட்ட வருகிறாள். தன் முகமே அவளுக்குத் தெரியாது. கெல்வினின் பையில் ஒரு புகைப்படத்தை எடுத்து "யார் இது?" என்று கேட்டு, கண்ணாடியில் பார்த்த பிறகுதான் தான்தான் என்று புரிந்துகொள்கிறாள். கண்ணை மூடினால் என் முகம் எனக்கு ஞாபகம் வருவதில்லை என்று பிறகு சொல்கிறாள். வேறொருவர் நினைவில் மட்டும் வாழ்கிறவளுக்குத் தன்னைப் பற்றிச் சொந்தமாக ஒன்றும் இருக்காதுதானே.

அப்புறம் மெல்ல மாறுகிறாள். கெல்வின் பூமியிலிருந்து கொண்டுவந்த பழைய வீட்டு ஃபிலிமைப் பார்க்கிறாள். நூலக அறையில் தனியாக உட்கார்ந்து புரூகல் 1565இல் வரைந்த ஓவியத்தைப் பார்க்கிறாள்: பனியில் வேட்டைக்காரர்கள் நாய்களோடு மலையிலிருந்து இறங்குகிறார்கள், கீழே உறைந்த குளத்தில் ஆட்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். கேமரா ஓவியத்துக்குள்ளேயே ஊர்கிறது, பறவைக் குரல், நாய் குரைப்பு எல்லாம் கேட்கிறது. பூமியையே மிதித்திராத ஒருத்தி பூமியை நினைவுகூரக் கற்றுக்கொள்கிறாள், இந்தத் தடவை கெல்வினின் தலை வழியாக இல்லாமல், தன் கண் வழியாக. அங்கிருந்து அவள் பழைய ஹாரியின் நகல் இல்லை, புது ஆள். அதே அறையில், இதற்குச் சற்று முன்னால்தான், அதை அவளே உணர்ந்து, அழுதுகொண்டே, நான் மனுஷியாகிக்கொண்டிருக்கிறேன் என்று அந்த விஞ்ஞானிகள் முன்னால் சொல்கிறாள். சார்டோரியஸ் ஈவிரக்கமில்லாமல் "நீ பிரதி, உண்மையானவள் செத்துவிட்டாள்" என்று சொன்னதற்குப் பதில் அது. கூட இருக்கும் மூன்று ஆண்களையும்விட அந்த அறையில் அதிக மனுஷத்தன்மையோடு இருப்பது அவள்தான்.

நத்தாலியா பந்தார்ச்சுக் நடித்தபோது அவருக்குச் சுமார் 21 வயதுதான். எதிரே நடித்த டொனாட்டஸ் பனியோனிஸுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் வயது. அந்த வித்தியாசமும் வேலை செய்கிறது: கெல்வின் கிழண்டுகொண்டிருக்கிறார், நினைவு கிழடாகவில்லை.

ஏன் அவள் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறாள்?

முதலில் திரவ ஆக்சிஜனைக் குடிக்கிறாள், செத்து, துடிதுடித்து மறுபடி உயிர்பெறுகிறாள் (பார்க்கச் சகிக்காத காட்சி, எச்சரிக்கை). கடைசியில் கெல்வின் காய்ச்சலில் கிடக்கும்போது மற்ற இருவரின் உதவியோடு இல்லாமலே போகிறாள், ஒரு கடிதம் வைத்துவிட்டு. இதைத் தியாகம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது அவள் எடுத்த முதல் சொந்த முடிவாகத் தெரிகிறது, அதனால்தான் அவ்வளவு வலிக்கிறது. வந்தபோது கதவுக்கு அந்தப் பக்கம்கூட இருக்க முடியாதவள்.

மற்றவர்களுக்கு வந்த "விருந்தாளிகள்" யார்?

காட்டமாட்டார். ஸ்னாவுத்தின் அறையில் தொங்கும் வலைப் படுக்கையில் ஒரு காது தெரியும், சார்டோரியஸின் ஆய்வகத்திலிருந்து ஒரு குள்ள மனிதர் ஓடிவருவார், கிபாரியனுக்கு ஒரு சிறுமி. அவர்கள் மனதில் என்ன கிடந்தது என்று நமக்குச் சொல்லாமல் விட்டதுதான் நல்லது. அடுத்தவன் தூக்கத்தில் நமக்கென்ன வேலை.

நியூட்ரினோவால் ஆன உடம்பு என்கிறார்களே, நடக்கிற காரியமா?

நடக்காது. நியூட்ரினோ என்பது அணுவைவிடச் சின்னத் துகள், எதோடும் ஒட்டாது. சூரியனிலிருந்து மட்டும் நம் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் நொடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோ புகுந்து போய்க்கொண்டே இருக்கிறது, நமக்குத் தெரிகிறதா? அதை வைத்து உடம்பு கட்டுவது புகையில் சுவர் எழுப்புகிற மாதிரி. படத்திலேயே ஒரு வரியில் தாண்டிப்போகிறார்கள், நாமும் தாண்டிவிடலாம்.

நினைவு பற்றிப் படம் சொல்வதாவது அறிவியலுக்கு ஒத்துவருமா?

இதில் ஆச்சரியப்படுகிற அளவுக்கு ஒத்துவருகிறது. நினைவு என்பது பீரோவில் மடித்து வைத்த புடவை மாதிரி, எடுத்தால் அப்படியே இருக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932லேயே அது அப்படியில்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டுகிறோம் என்று எழுதினார். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் படம் வந்து 2 வருடம் கழித்து, 1974இல், ஒரு சோதனை செய்தார்கள். 150 பேருக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டி, சிலரிடம் "கார்கள் முட்டிக்கொண்டபோது என்ன வேகம்?" என்றும், சிலரிடம் "மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டால், "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் ஆம் என்றார்கள், "முட்டிய" என்பதைக் கேட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒரு சொல் போதும், கண்ணாடி உடைந்துவிடுகிறது.

2000இல் கரீம் நாடரும் குழுவும் எலிகளில் இன்னொன்று காட்டினார்கள்: பதிந்துபோன பயத்தைத் திரும்ப நினைவூட்டினால் அது கொஞ்ச நேரம் இளகி நிற்கிறது, அந்த நேரத்தில் மூளையில் புரத உற்பத்தியைத் தடுத்தால் பிறகு பழையபடி கெட்டிப்படுவதில்லை. அதாவது, ஒன்றை நினைத்துப் பார்ப்பதே அதைத் தொட்டுக் கலைப்பதுதான்.

இப்போது கெல்வினை நினைத்துப் பாருங்கள். 10 வருடமாக அந்த மரணத்தைத் தினம் தினம் எடுத்துப் பார்த்திருப்பார். கடலுக்குக் கிடைத்தது ஹாரியின் எத்தனையாவது திருத்திய பதிப்போ.

லெம்முக்கு இந்தப் படம் பிடிக்கவில்லையாமே?

பிடிக்கவே இல்லை. மாஸ்கோவுக்கே போய் வாரக்கணக்கில் தார்க்கோவ்ஸ்கியோடு சண்டை போட்டார். தார்க்கோவ்ஸ்கி எடுத்தது சோலாரிஸ் இல்லை, (தஸ்தயெவ்ஸ்கியின் நாவலான) "குற்றமும் தண்டனையும்" என்று பின்னால் கிண்டலடித்தார். லெம் பக்கம் நியாயம் இருக்கிறது. நாவலில் பூமி கிடையாது, அப்பா அம்மா கிடையாது, முதல் பக்கத்திலேயே கெல்வின் நிலையத்துக்குக் கிளம்பிவிடுவான். லெம்முக்கு முக்கியம் கடல்: மனிதனுக்கு எந்தக் காலத்திலும் புரியாத ஒன்று எதிரே இருக்கிறது, நூற்றாண்டாக ஆராய்ந்து நூலகம் நூலகமாக எழுதியும் ஒன்றும் புரியவில்லை, அந்தத் தோல்விதான் அவர் விஷயம். தார்க்கோவ்ஸ்கிக்குக் கடல் ஒரு சாக்கு, கெல்வினின் மனசாட்சிதான் வேண்டும். தூரமாகப் போய்ப் பார் என்கிறார் ஒருவர், எவ்வளவு தூரம் போனாலும் வீட்டைத்தான் பார்ப்பாய் என்கிறார் மற்றவர். படத்தில் ஸ்னாவுத் சொல்கிற புகழ்பெற்ற பேச்சு, நமக்கு வேறு உலகம் வேண்டாம், கண்ணாடிதான் வேண்டும் என்பது, லெம்மிடமிருந்தே வந்தது. அந்த ஒரு வரியை லெம் கசப்பாக எழுதினார், தார்க்கோவ்ஸ்கி அதைத் துக்கமாக எடுத்துக்கொண்டார்.

எனக்கு இரண்டும் வேண்டும். நாவலைப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 1970இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு போலிஷிலிருந்து வராமல் பிரெஞ்சு வழியாக வந்தது, அதில் ஹாரியின் பெயரே ரேயா என்று மாறியிருக்கும். பில் ஜான்ஸ்டன் நேரடியாகப் போலிஷிலிருந்து செய்தது 2011இல் வந்தது, அதைத் தேடுங்கள்.

முடிவு புரியவில்லை. அவர் வீட்டுக்கு வந்துவிட்டாரா?

வரவில்லை. குளம், மரம், நாய், வீடு எல்லாம் முதல் காட்சி மாதிரியே இருக்கிறது. ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்க்கிறார். வீட்டுக்குள் மழை பெய்கிறது, அப்பாவின் முதுகில் தண்ணீர் ஊற்றி ஆவி பறக்கிறது, அவர் கவனிக்கவே இல்லை. கெல்வின் வாசலில் மண்டியிட்டு அப்பாவைக் கட்டிக்கொள்கிறார். கேமரா மேலே மேலே போகிறது, அது பூமி இல்லை, சோலாரிஸ் கடலில் முளைத்த ஒரு தீவு.

முன்னதாக, கெல்வின் விழித்திருக்கும்போது அவருடைய மூளை அலைகளைக் கதிர்வீச்சாகக் கடலுக்குள் அனுப்பியிருந்தார்கள், அதற்குப் பிறகு விருந்தாளிகள் வருவது நின்று தீவுகள் தோன்ற ஆரம்பித்தன என்று ஸ்னாவுத் சொல்வார். கடலுக்கு வீடும் கிடைத்தது, மழையும் கிடைத்தது, எது உள்ளே எது வெளியே என்பது மட்டும் கிடைக்கவில்லை. உடையை அவிழ்க்கத் தெரியாத அதே தப்பு.

கெல்வின் தெரிந்தே அங்கே இறங்கினாரா, இல்லை தான் ஊருக்கு வந்துவிட்டதாக நம்புகிறாரா? ஜன்னல் வழியாக மழையைப் பார்க்கும்போது பனியோனிஸின் முகத்தைக் கவனியுங்கள். தெரிந்துதான் என்று நான் நினைக்கிறேன். கிளம்பும்போது அப்பாவிடம் சரியாக விடைபெறாத பிள்ளை, நிஜ அப்பாவை இனி பார்க்க முடியாது என்று அப்போதே இருவருக்கும் தெரியும். நகலிடமாவது மண்டியிட வேண்டியிருந்தது.

அந்த இசை என்ன?

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஆர்கன் இசை, அவர் படைப்புகளின் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 639 என்ற எண் கொண்டது. மற்ற ஒலிகளெல்லாம் எடுவார்ட் ஆர்தெமியேவ், ஏ.என்.எஸ். என்ற சோவியத் சின்தசைசரில் செய்தவை. பெரும்பாலும் இசை என்றே தெரியாது, நிலையம் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.

2002இல் ஜார்ஜ் குளூனி நடித்ததைப் பார்த்தால் போதாதா?

ஸ்டீவன் சோடர்பெர்க் எடுத்தது, பழையதைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைவு, கெட்ட படம் இல்லை. லெம் அதைப் பற்றியும் புலம்பினார்: புத்தகத்துக்கு நான் சோலாரிஸ் என்றுதான் பெயர் வைத்தேன், "விண்வெளியில் காதல்" என்று வைக்கவில்லை என்று. முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பழையதற்கு வருகிறவர்களும் உண்டு, தடை ஒன்றும் இல்லை.

எங்கே பார்க்கலாம்?

மாஸ்ஃபில்ம் தன் யூடியூப் சேனலில் இரண்டு பாகமாக, ஆங்கில சப்டைட்டிலோடு இலவசமாகவே போட்டிருக்கிறது. மொபைலில் வேண்டாம், அந்த ஓவியக் காட்சி வீணாகிவிடும். முதல் நாள் ஒரு பாகம், மறுநாள் ஒரு பாகம் என்று பார்த்தாலும் சரி. சாப்பிட்டவுடன் மட்டும் உட்காராதீர்கள்.